நக்குகட்டியா, தாதுத்தூளா?

வன்னி வைக்கலையும் கோடையில் காய்ந்த தரவைப் புல்லையும் தின்னும் மாட்டுக்கு வயிறு நிறையும். பொஸ்பரசு, செம்பு, துத்தநாகம் போதாது. இந்தத் தாதுக்களைக் கொடுக்க, மாடு நக்கித் தின்னும்படி கொட்டிலில் தொங்கவிடும் நக்குகட்டி சுலபம்தான். ஆனால் பலவற்றில் பெரும்பங்கு உப்பு. யார் எவ்வளவு தின்றது என்றும் தெரியாது: எங்கள் செவலை நாள் முழுக்க நக்கும், கறுப்பி மணந்து பார்ப்பதோடு சரி.

தாதுத்தூளை அளந்து போடலாம். கறவை மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம் அளவில், எள்ளுப் பிண்ணாக்கும் தவிடும் குழைக்கும்போதே கலந்துவிட வேண்டும். மேலே தூவினால் வாளியின் அடியில் தங்கிவிடும். செலவும் கைவேலையும் கூடத்தான், இருந்தும் என் தெரிவு தூள். கட்டி உப்புக்காகக் கிடக்கட்டும். அப்புறம், செம்மறி வைத்திருப்பவர்கள் கவனம்: மாட்டுத்தூளில் உள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சு.