தேக்கா பக்கம் ஒரு பணிப்பெண் முகவை: காகித வேலை சுத்தம், கவுன்டர் பேச்சுதான் சரியில்லை

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டி, வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களை அமர்த்தித் தரும் முகவை. பெயர் வேண்டாம். தமிழிலேயே பேசி முடிக்கலாம் என்பதால் நம்மவர்கள் அதிகம் போகிற இடம். மனிதவள அமைச்சு சம்பந்தப்பட்ட வேலைகளில் குறையில்லை. 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணை, காப்புறுதி, வேலை அனுமதி விண்ணப்பம், முதல்முறை முதலாளிக்கான வகுப்புக்குப் பதிவு எல்லாம் கேட்காமலே நடக்கின்றன. சேவைக் கட்டணத்துக்கும் வேலைக்கு வர ஆன செலவுக்காகப் பணிப்பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கும் கடனுக்கும் தனித்தனி ரசீது தருகிறார்கள்.

பயோடேட்டாவை மேசையில் விரித்ததும் கோளாறு ஆரம்பிக்கிறது. "மியன்மார்ப் பிள்ளைங்க எதிர்த்துப் பேசாதுங்க மேடம், அங்க பொம்பளைங்கள அப்படித்தான் அடக்கி வளர்ப்பாங்க. இந்தோனேசியாவுல புருஷன் உக்காந்து சாப்பிடுவான், பாவம், எவ்வளவு வேலை கொடுத்தாலும் செய்யும்." ஒரே மூச்சில் இரண்டு நாட்டு ஆண்களுக்கும் கண்டனம், அந்த அடக்குமுறையே பெண்ணுக்குக் கூடுதல் தகுதி. கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு, "அப்ப மியன்மாரே காட்டுங்க" என்கிறார்கள்.

தகவலிலும் ஓட்டை. பிலிப்பீன்ஸ் பயோடேட்டாவில் 'பிரிந்து வாழ்பவர்' என்றிருந்தால், குடும்பம் சரியில்லை என்று ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்கு அந்நாட்டில் மணவிலக்குச் சட்டமே இல்லை. கணவன் எப்போதோ ஓடிப்போயிருந்தாலும் அவர் வேறெப்படி எழுதுவார்? இந்தோனேசியா என்று ஒரே கட்டாக வைத்திருப்பதில் மேற்குச் சுமத்ராவும் அடக்கம். அங்கே மினாங்கபாவ் மக்களிடம் பூர்வீக வீடும் நிலமும் தாய்வழியில் பெண்களுக்குப் போகின்றன. நம் சொந்தபந்தத்தில் எத்தனை வீட்டில் அப்படி என்று கவுன்டரில் யாரும் கேட்பதில்லை.

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படித்தான் வருகிறார்களோ என்றும் ஒரு பேச்சு. வேலை அனுமதி நிபந்தனையைப் படித்தாலே போதும்: குடும்பத்தை அழைத்துவர வழியில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமா என்றும் பார்க்கிறார்கள். அந்த நிபந்தனை நம் ஊருடையது.

பணத்தில் இடிப்பது ஓய்வு நாள். பயோடேட்டாவில் மாதம் எத்தனை நாள் வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு, பணிப்பெண் நிரப்பவேண்டியது. இங்கே எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்தில் '1'. "அவங்க ஊர்ல பொம்பளைங்க வெளிய போறதில்ல மேடம்" என்று விளக்கம் வேறு. சட்டப்படி 2013 முதல் வாரம் ஒரு நாள். வேலை வாங்கினால் கூலி கொடுக்கவேண்டும். 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. சம்பளம் 650 வெள்ளி என்றால் 26-ஆல் வகுத்து நாளுக்கு 25. மீதி மூன்று ஞாயிறும் வேலை வாங்கினால் 75. இது 650-க்குள்ளா வெளியேயா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. சில மாதத்தில் சண்டை முளைப்பது இங்கேதான். முளைத்ததும், "அந்த நாட்டுப் பொண்ணுங்களே இப்படித்தான்" என்று அடுத்த நாட்டுக் கட்டைப் பிரிப்பார்கள்.

5-க்கு 2½. போவதென்றால் நாட்டைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள்: படுக்கையில் இருக்கும் பெரியவரைத் தூக்கி உட்காரவைக்கணும், சைவச் சமையல், நாய் உண்டு. வீடியோ அழைப்பில் பணிப்பெண்ணே பதில் சொல்லட்டும். ஓய்வு நாளையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். பணிப்பெண்ணின் கடப்பிதழை (பாஸ்போர்ட்) நீங்கள் வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது குற்றம். கடன் தாளையும் பாருங்கள்: இங்குள்ள முகவை பணிப்பெண்ணிடம் வாங்கும் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது.