24 பேருக்கு வெந்நீர்: கோத்தகிரி பங்களாவில் ஒன்பது முறை

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் ரோட்டில் பாதி வழியில் திரும்பி, தேயிலைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் உள்ளே போனால் ஒரு பெரிய பங்களா வரும். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் சோலைக்காடு, அதற்கப்புறம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு வரைக்கும் சரிவுதான். பெயர் சொல்ல மாட்டேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். 2017 மே மாதம் முதல் தடவை போனோம். கொரோனா இரண்டு வருடத்தை விட்டுவிட்டால் இதுவரை ஒன்பது முறை. மே, ஜூலை, நவம்பர், ஜனவரி என்று எல்லாக் காலத்திலும் தங்கிப் பார்த்தாயிற்று. ஒரு தடவை போய் இரண்டு இரவு இருந்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் சொல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஈரோட்டுப் பக்கம். அப்பத்தா, பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, இரண்டு அத்தை வீடு, குழந்தை குட்டி எல்லாம் சேர்த்தால் 24 பேர். அதற்கு முன்னால் வருடா வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். அழகான வீடு, ஆனால் உப்புக்காற்றில் தாழ்ப்பாளிலிருந்து ஏசி வரைக்கும் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும், மே மாதத்தில் குளித்து முடித்துத் துவட்டுவதற்குள் மறுபடி வேர்க்கும், அப்பத்தாவால் மணலில் நடக்கவும் முடியாது. சரி, மலைக்குப் போவோம் என்று முடிவானது.

விளம்பரத்தில் எட்டுப் படுக்கையறை, எட்டுக் குளியலறை, நீச்சல் குளம், ஹோம் தியேட்டர், 24 மணி நேர வெந்நீர் என்று இருந்தது. குளத்தைப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில், சூடேற்றும் வசதி இல்லாத குளம். ஒன்பது முறையில் அதில் இறங்கிய ஒரே ஆள் என் மச்சான், அதுவும் 500 ரூபாய் பந்தயத்துக்கு. ஹோம் தியேட்டர் நாற்காலிகளில் பூஞ்சை வாசம், யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. சொகுசு என்று காசு வாங்குகிற எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை என்பதே உண்மை.

வெந்நீர் கதைதான் பெரிய கதை.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கு எட்டு அறையிலும் கீசரைப் போட்டார்கள். எல்லாம் 15 லிட்டர் கீசர், ஒவ்வொன்றும் 2 கிலோவாட். எட்டும் ஒன்றாக ஓடினால் 16 கிலோவாட், அது போக சமையலறையில் மிக்ஸி, கெட்டில். மெயின் ட்ரிப் ஆகிவிட்டது. சித்தப்பா தலையில் சோப்பு நுரையோடு "யார்ரா அங்க கரண்ட்ட நிறுத்துனது" என்று கத்தியது தேயிலைத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. அப்புறம் மூன்று மூன்றாகப் போடுவது என்று முறை வைத்தோம். அதுவும் சரிப்படவில்லை. குழாயில் வரும் தண்ணீர் காலையில் 12 டிகிரி அளவில் இருக்கும். அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 15 லிட்டர் கீசருக்கு வோல்டேஜ் சரியாக இருந்தாலே 25 நிமிடம் ஆகும். அங்கே காலை நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடும், அதே தண்ணீருக்கு 40 நிமிடம். ஒரு கீசர் தண்ணீரில் கலந்து குளித்தால் ஒருவர் நிம்மதியாகக் குளிக்கலாம், இரண்டாவது ஆள் அவசர அவசரமாகக் குளிக்கலாம், மூன்றாவது ஆள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். 24 பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மதியம் ஆகிவிடும்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நீலகிரியின் படுகர் சமூகத்தவர். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) வீடு, கொஞ்சம் தேயிலை சொந்தமாக வைத்திருக்கிறார். இவ்வளவு கூத்தையும் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்த டப்பாவ நம்பாதீங்க தம்பி, பின்னாடி வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். விறகு அடுக்கிய கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய செம்பு பாய்லர் ஒன்று, அடியில் அடுப்பு, நடுவில் புகைபோக்கி. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு நாலு கட்டை வைத்தார், அரை மணி நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மேலே ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கீழே குழாயில் ஒரு குடம் வெந்நீர். அன்றிலிருந்து இன்றுவரை பையன்கள் வாளி தூக்குவார்கள், பெரியவர்கள் குளிப்பார்கள், எட்டரைக்குள் மொத்தப் பேரும் முடித்துவிடுவோம். கற்பூர மர (யூகலிப்டஸ்) கட்டை வேண்டாம், படபடவென்று எரிந்து அடங்கிவிடும், சீகைதான் நின்று எரியும் என்பது அவர் சொன்னது.

நடுவில் உரிமையாளர் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தார். ஜனவரியில் பிரமாதம், வானம் பளிச்சென்று இருக்கும். ஜூலையிலும் நவம்பரிலும் நாள் கணக்கில் மஞ்சு மூடிக்கிடக்கும்போது அது வெறும் தண்ணீர்த் தொட்டி.

அடுத்தது சமையல். அண்டாவில் சோறு வைக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. முதல் நாள் மூன்று கிலோ அரிசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று இருந்தது. துவரம்பருப்பு வேகவே இல்லை. பெரியம்மா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. குக்கர் இல்லாமல் அங்கே கதை நடக்காது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே இரண்டு பெரிய குக்கர் கொண்டுபோய்விடுகிறோம், போய்ச் சேர்ந்த அன்றைக்கு அரிசிம்பருப்பு சோறு, நெய், அப்பளம், அதோடு சரி. இன்னொன்று, குளிரில் கேஸ் சிலிண்டரில் பாதி இருக்கும்போதே தீ சுருங்கும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாவது குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அகலமான பேசினில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் ஊற்றி சிலிண்டரை அதில் நிறுத்தினால் மறுபடி எரியும். கொதிக்கிற தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

காட்டு மிருகம் பார்க்கலாம் என்று ஆசையாகக் கேட்கிறவர்களுக்கு: பார்க்கலாம், நீங்கள் கேட்காமலேயே வரும். இரண்டாவது முறை போனபோது பஜ்ஜி சுட்ட வாணலியை எண்ணெயோடு பின் திண்ணையில் ஆற வைத்துவிட்டு எல்லோரும் ஹாலில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். ராத்திரி பத்து மணி இருக்கும், டமார் என்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரடி. வாணலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை பாயசக் கிண்ணத்தை நக்குவது போல, முகத்தை உள்ளே விட்டு நக்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தருக்கும் மூச்சு வரவில்லை. அது பாட்டுக்கு முடித்துவிட்டு, வாணலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கிப் போனது. காலையில் வாணலி விளக்கி வைத்தது மாதிரி பளபளவென்று இருந்தது. கோத்தகிரிப் பக்கம் எண்ணெய்க்காகக் கடைக் கதவையும் கோயில் கதவையும் கரடி உடைப்பது அடிக்கடி நடப்பதுதான் என்று அண்ணன் சாதாரணமாகச் சொன்னார். சாமி விளக்கு எண்ணெயைக்கூட வெளியே வைக்கக்கூடாதாம்.

காட்டெருமை தினமும் வரும். விடிகாலையில் வாசலுக்கு எதிரே தேயிலைச் செடிக்கு நடுவில் கருப்பாக, வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்களோடு நிற்கும். நன்கு வளர்ந்த கடா ஆயிரம் கிலோவை நெருங்கும். குளத்தில் குதித்த அதே மச்சான் செல்ஃபி எடுக்க இருபது அடி வரைக்கும் போனார். அது தலையை மட்டும் தாழ்த்தி மூச்சுவிட்டது. அவர் திரும்பி ஓடி வந்ததை யாரும் வீடியோ எடுக்கவில்லையே என்பது இன்றுவரை வீட்டில் பெரிய குறை.

இதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம்: சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் முன் கிரில்லைப் பூட்டிவிடுவார். வெளியே கேம்ப் ஃபயர், பாட்டு, ஆட்டம் எதுவும் கிடையாது. முதல் இரண்டு வருடம் இளசுகள் அவரோடு சண்டை போட்டார்கள். ஆனால் அந்தப் பூட்டுக்கு அப்புறம்தான் எங்கள் பயணமே நிஜமாகத் தொடங்கும். செல்போனில் ஒரே ஒரு சிம்தான் எடுக்கும், அதுவும் மாடிப்படி வளைவில். அதனால் 24 பேரும் ஹாலில்தான் இருந்தாக வேண்டும். அப்பத்தா தன் கல்யாணத்துக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஒரம்பரை (சொந்தபந்தம்) வந்த கதையை முதன்முதலாக அங்கேதான் முழுசாகச் சொன்னார். வீட்டில் எத்தனையோ வருடம் இருந்தும் எங்களுக்கு அது தெரியாது.

ஹாலில் கணப்பு அடுப்பு உண்டு. 2022இல் போனபோது புகைபோக்கியை இரண்டு வருடமாக யாரும் சுத்தம் செய்யவில்லை, மூட்டிய ஐந்தாவது நிமிடம் ஹால் முழுக்கப் புகை. அதற்குப் பதிலாக அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொள்ளலாமா என்று சின்ன அத்தை கேட்டார். தயவுசெய்து எங்கேயும் அதைச் செய்யாதீர்கள், மூடிய அறையில் கரிப்புகை ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். வெந்நீர்ப் பை எடுத்துப் போங்கள், அதிலும் ஜூலையில் போர்வையே ஈரமாக இருப்பது போலத்தான் இருக்கும்.

குறைகள் இன்னும் உண்டு. 20 பேர் வேன் அந்த மண்பாதையில் இறங்காது, மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு ஜீப்பில் நாலு நடை அடிக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. இதை முன்பணம் வாங்குகிறவர் சொல்ல மாட்டார். செப்டிக் டேங்க் எட்டுப் பேர் குடும்பத்துக்குக் கட்டியது போல, மூன்றாவது நாள் பின்பக்கம் போக முடியாது. டெபாசிட் 10,000 ரூபாயில், நாங்கள் வருவதற்கு முன்பே விரிசல் விட்டிருந்த கண்ணாடிக்கு 3,500 பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் பையையே இறக்குகிறேன். வாடகை 2017இல் ஓர் இரவுக்கு 18,000. இப்போது 36,000, ஆளுக்கு 1,500 விழுகிறது. அதே கீசர்கள்தான்.

எப்போது போகலாம் என்றால், கோத்தகிரி மலையின் கிழக்குப் பக்கம் என்பதால் ஜூன் ஜூலையில் கூடலூர் பக்கம் கொட்டுகிற மழை இங்கே அந்த அளவு இருக்காது. இங்கே பயப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழைக்குத்தான். 2009 நவம்பரில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டி மலையெங்கும் மண் சரிந்ததை அண்ணன் இன்னும் நேற்று நடந்தது மாதிரி சொல்வார். நாங்கள் நவம்பரில் போன ஒரு தடவை மரம் விழுந்து அரை நாள் வீட்டிலேயே கிடந்தோம். என்னைக் கேட்டால் ஜனவரி. மே மாதம் பள்ளி விடுமுறைக்காகப் போகிறோமே தவிர, கூட்டம் தாங்காது. 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு வந்துவிட்டது, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறுவது மேல், அதற்குப் பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் கேன் கொண்டுபோங்கள்.

2025 மே மாதம் போனபோது அண்ணன் இல்லை. முட்டி வலி என்று நின்றுவிட்டாராம். உரிமையாளர் வைத்திருந்த புதுப் பையன் நல்ல பையன்தான், டீ-ஷர்ட்டில் வீட்டின் பெயர் போட்டிருந்தது, வரவேற்புக்கு ஜூஸ் கொடுத்தான். பாய்லரை எப்படி மூட்டுவது என்று அவனுக்குத் தெரியாது. விறகு நனைந்து கிடந்தது. நானும் சித்தப்பாவும் ஒரு மணி நேரம் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். ஆறு மணிக்குக் கிரில்லையும் பூட்டவில்லை, நாங்களாகவே பூட்டிக்கொண்டோம். மறுநாள் சாயங்காலம், நாங்கள் வந்திருப்பது கேள்விப்பட்டு அண்ணனே தடியூன்றிக்கொண்டு ஹட்டியிலிருந்து ஏறி வந்தார், ஒரு தூக்கில் எண்ணெ ஹிட்டு என்கிற படுகர் பலகாரம். அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். புகைபோக்கியில் பழைய குருவிக்கூடு அடைத்திருந்தது. எடுத்துப்போட்டார், புகை மேலே போனது. அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து எப்படிக் கட்டையை அடுக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

வரும் ஜனவரிக்கு முன்பணம் போட்டாயிற்று. சீகை விறகு ஒரு வண்டி முன்னாடியே இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.