ரெடிமேட் வீடு: நாலு ஐப்பசி கழிந்தபின் எது நிற்கிறது, எது ஒழுகுகிறது

பஃப் பேனல் வீடு (இரண்டு தகட்டுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை அடைத்தது), கன்டெய்னர் வீடு, எல்ஜிஎஸ்எஃப் வீடு (மெல்லிய இரும்புச் சட்டத்தில் நிற்பது) என்று பெயர் பலவானாலும் நம் பக்கத்தில் எல்லாமே ‘ரெடிமேட் வீடு’தான். வாங்கப் போகிறவர்கள் சதுர அடி விலையையும் பேனல் கனத்தையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சில வருஷம் புழங்கிய வீட்டைப் போய்ப் பாருங்கள், பேனல் நன்றாகவே இருக்கும். கம்பெனிக்காரர் முடித்த இடமும் கொத்தனார் தொடங்கிய இடமும் சேரும் சந்துதான் கெட்டிருக்கும்.

முதலில் வெயில். 50 மி.மீ. பஃப் சுவருக்குப் போதும். கூரைக்கு 80 கேளுங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். தெர்மாகோல் அடைத்த பேனலும் வெளியே பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டினால் தெர்மாகோல் மணிமணியாக உதிரும், பஃப் பொடியாக வரும். காங்கிரீட் தட்டட்டி பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். பேனல் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை, பொழுது சாய்ந்து ஜன்னலைத் திறந்தால் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்துவிட்டால் அதை வாங்கிக்கொள்ளக் கனமான சுவர் கிடையாது, மூன்று மணிக்கெல்லாம் அறை கொதிக்கும். மேற்குப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி போட்ட டிசைன் கேட்லாக்கில் அழகாக இருக்கும். அது நம் வெயிலுக்கு வரைந்ததல்ல. ஏசி வாங்குமுன் மேற்கே நாலடித் தாழ்வாரம் இறக்குங்கள்.

கூரைத் தகடு சாயங்காலமானால் ‘டக், டக்’ என்று சத்தம் போடும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. இரும்பு ஒரு டிகிரிச் சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 40 அடித் தகடு விடியற்காலை 25 டிகிரியிலிருந்து மதியம் 65க்கு ஏறினால் கிட்டத்தட்ட 6 மி.மீ. நீண்டு, ராத்திரி மறுபடி சுருங்கும். தினமும் இதே கதை. ஸ்குரூ துளை மெல்ல மெல்ல நீளவாக்கில் அகலும், மேலே இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடிக்கும், ஐப்பசி மழை அந்த வழியாக இறங்கும். அதனால் வெயில் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் வாஷர்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வருஷா வருஷம் புரட்டாசியில் ஆளை ஏற்றி வெடித்ததை மாற்றுங்கள். இறுகாமல் சும்மா சுற்றும் ஸ்குரூவைக் கழற்றி, அதே துளையில் ஒரு சைஸ் பெரியதைப் போடுங்கள். பலம் இருக்கிறதென்று வாஷர் பிதுங்கும்வரை இறுக்கினால் அதுதான் முதலில் வெடிக்கும். மேலே சிலிக்கான் அப்புவது ஒரு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

வீட்டை எதன்மேல் வைக்கிறார்கள் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. இவ்வளவு லேசான வீட்டுக்கு அஸ்திவாரம் எதற்கு என்பார்கள். லேசாக இருப்பதால்தான் வேண்டும். 20 அடி கன்டெய்னரின் தரைப்பரப்பு ஏறக்குறைய 15 சதுர மீட்டர். ஓரடி வெள்ளம் சூழ்ந்தால் நாலரை டன் அதை மேலே தள்ளும். வெறும் கன்டெய்னரின் எடை 2.3 டன் போல வரும். கட்டில், பீரோ, பலகை எல்லாம் சேர்த்தாலும், கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே ஏறுமுன் வெளியே ஒன்றரை அடியைத் தொட்டால் வீடு கிளம்பப் பார்க்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கறைக்கு மேலே இரண்டடி வைத்துப் பீடம் கட்டி, ஒவ்வொரு மூலையிலும் 16 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் காங்கிரீட்டோடு பிடியுங்கள். கயத்தாறு, பணகுடிப் பக்கம் ஆனி ஆடிக் காற்றுக்கும் இதே போல்ட்தான் காவல். அங்கே கூரை ஓரத்திலும் மூலையிலும் ஸ்குரூவை நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள், காற்று அங்கேதான் முதலில் தூக்கும். கரிசலில் சும்மா ஹாலோபிளாக் கல்மேல் வைத்தால் கோடையில் மண் வெடித்து ஒரு மூலை இறங்கும், அடுத்த வாரம் கதவு பூட்டாது. கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இறுக்கிய பிறகுதான் பீடம்.

பாத்ரூம்தான் பெரிய தலைவலி. நம் ஆட்கள் வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றிக் குளிக்கிறவர்கள், தரையையும் கழுவிவிடுகிறவர்கள். பிளைவுட் தரைமேல் வினைல் ஒட்டிய பாத்ரூம் இதற்குத் தாங்காது. டிரெயின் குழாயைச் சுற்றித்தான் முதலில் ஊறும், பலகை உப்பும், மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கும். கையில் இடமிருந்தால் பாத்ரூமையும் பாத்திரம் கழுவும் அங்கணத்தையும் செங்கல்லில் தனியாகக் கட்டி வீட்டோடு சேர்த்துவிடுங்கள். உள்ளேயேதான் வேண்டுமென்றால் சிமென்ட் போர்டு, அதன்மேல் சுவரில் ஓரடி ஏறும் வாட்டர்புரூஃப் பூச்சு, பிறகு டைல்ஸ். டைல்ஸ் ஒட்டுமுன் டிரெயினை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.

உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் துரு வெட்டிய ஓரத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும்தான் தொடங்கும், அங்கே துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. வெல்டிங்மேல் ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். இன்னொன்று: கட்டிங் மெஷினில் தகட்டை அறுக்கும்போது தெறிக்கும் பொடி சூட்டோடு பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அன்றே பெருக்கித் துடைக்காவிட்டால் அடுத்த வாரம் புதுச் சுவரெல்லாம் செம்புள்ளி.

ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன் எடை. அதற்குத் தனி ஸ்டாண்ட், கூரைமேல் வேண்டாம். ஃபேன் கொக்கி இரும்புச் சட்டத்தில் விழ வேண்டும், பேனலில் அல்ல. இரும்பு வீடு என்பதால் சட்டத்துக்கு எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் கட்டாயம். பஃப் எரியும், புகை பொல்லாதது. கேஸ் அடுப்புக்குப் பின்னால் எரியாத ராக்வுல் (கல் இழை) பேனலும் சிமென்ட் போர்டும் வையுங்கள். எலி பேனலின் அடியோரத்தைக் குடைந்து உள்ளே குடும்பம் நடத்தும், பேனல் உட்காரும் அடிச் சேனலில் இடைவெளியே இருக்கக் கூடாது.

விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி, ட்ரெய்லர், கிரேன், பீடம், செப்டிக் டேங்க் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அடக்கமிருக்காது. தெரு முக்கில் 40 அடி ட்ரெய்லர் திரும்புமா, ஈபி கம்பி தட்டுமா என்பதையும் ஆர்டருக்கு முன்பே நடந்து பாருங்கள். ஃபேக்டரியில் செய்ததென்றாலும் கட்டட அனுமதி வாங்கத்தான் வேண்டும். வங்கிக் கடனை நம்புகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் மேனேஜரிடம் பேசிவிடுங்கள்.

பில்லில் பத்து சதவீதத்தை ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டும்வரை கொடுக்காமல் வையுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. வீட்டோடு இரண்டு பேனலும் அதே கலர் டச்சப் பெயிண்ட் ஒரு டப்பாவும் கூடுதலாக வாங்கிப் புறவாசலில் நிறுத்திப் போடுங்கள். மூன்றாவது வருஷம் அந்த ஷேடைக் கேட்டால் ‘இப்போ வர்றதில்ல சார்’ என்பார்கள்.