ஆத்தங்குடிக் கல் வாங்கப் போகிறீர்களா? 64,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்றுச் சாயங்காலம்தான் முழு விவரமும் தெரிந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை.

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தரை பெயர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு விளம்பர அட்டை வந்தது. செட்டிநாட்டில் கையால் வார்க்கும் சிமெண்டுத் தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல்; அதற்குப் புதிதாகத் தொடங்கிய பட்டறை. ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது, ஆத்தங்குடியில் தலைமுறையாகக் கல் போடும் வேறொரு பட்டறையின் பெயர். அதற்கு அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் 'முன்னாள் மேஸ்திரி'. எங்கள் ஐயா அந்தக் காலத்தில் கல் எடுத்தது அந்தப் பழைய பட்டறையில்தான். பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அண்ணே, பதினெட்டு வருஷம் அங்க நான் வார்த்த கல்லுதான் இந்தப் பக்கம் பாதி வீட்டுல கிடக்கு" என்றார் புதுப் பட்டறைக்காரர். அந்தப் பேச்சை நம்பி, நின்ற இடத்திலேயே முழுசாக 64,000 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன்.

பதித்த நாலாம் நாள் ஈரத்துணி போட்டுத் துடைத்தால் துணியெல்லாம் சிவப்பு. நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது. இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் சாயச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். உறுதி வருவதே அந்த ஊறலில்தான். "இது தொட்டியையே பார்க்காத கல்லுங்க" என்று கொத்தனார் தலையில் கை வைத்துவிட்டார்.

அவருக்குப் போன் போட்டேன். "தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ங்கண்ணே, சரியாயிடும்." மறுபடி போட்டேன். "உங்க ஊர்த் தண்ணி உப்பு." அப்புறம் கொத்தனார் மேல் பழி. அப்புறம் போனே எடுக்கவில்லை.

நேற்று அந்தப் பழைய பட்டறைக்கே போனேன். "எட்டு மாசம் வண்டியில கல் ஏத்துனாரு. அச்சைத் தொட்டதே இல்ல. எங்க பேரை எடுக்கச் சொல்லி ரெண்டு தடவை சொல்லியாச்சு" என்றார் உரிமையாளர். என்னைவிட அவருக்குத்தான் வேதனை.

வேலை கற்ற இடத்தைச் சொல்லித் தொழில் தொடங்குவது தப்பே இல்லை, நல்ல மேஸ்திரிக்கு அதுதான் சான்று. கல் ஏற்றியவர் கல் வார்த்தேன் என்று சொன்னது பச்சைத் துரோகம்.

அட்டையில் பழைய முதலாளி பெயர் இருந்தால் அவரிடமே கேளுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம்? முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள். என்னிடம் ஜிபே ரசீது மட்டும்தான். நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லிவிட்டேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். திங்கட்கிழமை சிவகங்கை போகிறேன்.

64,000 ரூபாய்த் தரையில் அப்பத்தா இப்போது சாக்கு விரித்து நடக்கிறார்.