கணு வேர்களுக்குக் கத்தரியா, மறுநடவா?

மீன் தொட்டியில் வளரும் தண்டுச் செடிகளின் கணுக்களிலிருந்து வெள்ளை நூல்போல வேர்கள் இறங்கத் தொடங்கினால் மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடலாம். வேர்களை மட்டும் நறுக்கலாம். அல்லது தண்டின் மேற்பகுதியை வெட்டியெடுத்து, பழைய அடித்தண்டைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் புதிதாக நடலாம். சாதாரண ஆற்று மணலும் ஒரு எல்.இ.டி. விளக்கும் கொண்ட என் இரண்டடித் தொட்டியில் லுட்விஜியா ரெப்பென்ஸ், பக்கோபா கரோலினியானா, ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா ஆகிய மூன்றையும் வளர்த்து, ஓராண்டில் இம்மூன்று வழிகளையும் கையாண்டு பார்த்தபின், மறுநடவையே நிரந்தரமாக ஏற்றுக்கொண்டேன்.

இந்தக் கணு வேர்கள் நோயின் அறிகுறி என்று அஞ்ச வேண்டியதில்லை. பேச்சில் காற்று வேர் என்று சொன்னாலும், தாவரவியலில் இவற்றுக்கு வேற்றிட வேர்கள் என்று பெயர். தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கி, கணுக்களில் வேர் விடத் தூண்டுகிறது. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், மூழ்கிய தண்டில் உண்டாகும் எத்திலீன் என்னும் வாயு ஹார்மோனும் வெளியேற வழியின்றித் திசுவுக்குள்ளேயே தேங்குகிறது. வெள்ளத்தில் நின்ற நெற்பயிரின் கணுக்களில் வேர் விடுவதும் இந்தத் தேக்கத்தின் தூண்டுதலால்தான். நம் குளக்கரைகளில் தரையோடு படரும் நீர்ப்பிரம்மியைத் தூக்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர் பிடித்திருக்கும். தொட்டியில் நாம் வளர்க்கும் கரோலினியானா அதன் உறவுச் செடியே.

விட்டுவிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செர்ரி இறால்களோ கப்பிக் குஞ்சுகளோ இருக்கும் தொட்டியில் இந்த வேர்க்கற்றை நல்ல மறைவிடம். இறால்கள் நாள் முழுவதும் அதில் மேய்கின்றன. வேர்கள் நீரிலிருந்து நைட்ரேட்டையும் உறிஞ்சுகின்றன. ஆனால் மீன் கழிவின் தூசு அவற்றில் படிந்து, அதன்மேல் பாசி பிடித்து, சில வாரங்களில் வெள்ளை வேர் பழுப்பாகிவிடும். இறாலுக்காகவே வைத்திருக்கும் தொட்டியென்றால் நானும் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நறுக்குவதுதான் முதலில் எவருக்கும் தோன்றும் வழி. வளைந்த கத்தரியால் கணுவை ஒட்டி வெட்டினால் செடிக்குத் தீங்கில்லை. அன்று மாலையே தொட்டி துடைத்து வைத்ததுபோல் தெரியும். ஆனால் வேரை விடச்செய்த தண்டு அங்கேயே நிற்கிறது. அதே கணு, அதே நிழல், இலை உதிர்ந்த அதே அடித்தண்டு. ஆகவே பத்து நாட்களில் வேர்கள் திரும்பிவிடும். என் தொட்டியில் ஒவ்வொரு முறை நறுக்குவதற்கும், மிதக்கும் துண்டுகள் வடிகட்டியை அடைக்குமுன் வலையால் அள்ளுவதற்கும் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஆயின.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புக் கணக்குத்தான். ஆறு வாரத்தில் நான்கு முறை நறுக்கினால் நூற்றறுபது நிமிடங்கள். மறுநடவு ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். தண்ணீர் மாற்றுவதையும் சேர்த்து எழுபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இதில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தண்டுச் செடிகள் நீர்மட்டத்தை எட்டியதும் எப்படியும் வெட்டத்தான் வேண்டும். வேரை நறுக்கும் வேலை அந்த வெட்டுக்கு மேலதிகமாக வந்து சேர்வது. மறுநடவிலோ இரண்டும் ஒரே வேலையாக முடிகின்றன. வெற்றிலைக் கொடிக்காலில் உயர்ந்துவிட்ட கொடியை இறக்கி, இலையற்ற அடிப்பகுதியை மண்ணில் புதைத்து மீண்டும் தழைக்கச் செய்வார்களே, அந்த முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. வேர் விடத் துடிக்கும் கணுவுக்கு அது தேடும் மண்ணைக் கொடுத்துவிடுகிறோம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நுனியிலிருந்து பன்னிரண்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அடியில் உள்ள இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கிவிட்டு, அங்கே ஏற்கெனவே விட்டிருக்கும் வேர்களை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து விட்டுவைக்க வேண்டும். அவை மணலில் பிடித்துக்கொள்வதால், வேரில்லாத துண்டுகளைவிட இவை என் தொட்டியில் விரைவாக நிலைத்தன. இடுக்கியால் சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு தண்டாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் மிதந்து மேலே வருவது குறையும். கட்டாக நட்டால் நடுவிலுள்ள தண்டுகளுக்கு ஒளி எட்டாமல் அடி இலைகள் மீண்டும் உதிரும்.

குறையும் உண்டு. பழைய அடித்தண்டைப் பிடுங்கும்போது மணலில் தேங்கிய கழிவு கிளம்பி நீர் கலங்கும். அதனால் நான் ஒரு நாளில் தொட்டியின் பாதியை மட்டுமே நட்டு, உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறேன். மறுபாதி அடுத்த வாரம்.

மணலுக்குள் உர மாத்திரை புதைத்தால் கணு வேர் நின்றுவிடும் என்று பலர் உறுதியாகச் சொல்வதால் அதையும் செய்து பார்த்தேன். இலைகள் தடித்து நிறம் ஏறியது உண்மை. வேர்கள் ஓரளவு குறைந்தனவே தவிர நிற்கவில்லை. அந்த அளவுக்கு மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு உரம் வைப்பது நல்லது.

ரோட்டாலாவுக்கு மட்டும் என் பரிந்துரை மாறுகிறது. மெல்லிய தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நடுவது பெரும்பாடு. நுனியை வெட்டி அடியை மண்ணிலேயே விட்டால் பக்கக் கிளைகள் புதராகத் தழைத்து, மயிரிழை போன்ற வேர்களை மறைத்துவிடுகின்றன. மூன்று நான்கு வெட்டுகளுக்குப் பிறகு புதரின் உட்பகுதி வெளுக்கும்போது அதையும் புதிதாக நட்டுவிடலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்த தொட்டியை நான் நடத்தியதில்லை. வளர்ச்சி அங்கே வேகமானது என்பதால், என் ஆறு வாரம் அங்கே மூன்று வாரமாகச் சுருங்கக்கூடும், அப்போது மேற்சொன்ன நிமிடக் கணக்கை ஒவ்வொருவரும் தம் தொட்டிக்கேற்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெட்டியெறியும் தண்டுகளை ஏரியிலோ கால்வாயிலோ கொட்ட வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். கணுவோடு கூடிய ஒரு சிறு துண்டே புதிய செடியாகிவிடும். இந்தியச் செடியான ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா மீன் தொட்டி வணிகத்தின் வழியாக அமெரிக்காவுக்குப் போய், புளோரிடாவின் கால்வாய்களை அடைக்கும் களையாகி, அந்நாட்டு மத்திய அரசின் தீங்கான களைகள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. என் தொட்டிக் கழிவை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாடித் தோட்டத்து உரக்குழியில் போடுகிறேன்.