டெமாட்ரெஸ்: ஊர் ஆவணங்களுக்குச் சொற்பட்டியல் போட நல்ல இலவச மென்பொருள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பழைய புகைப்படங்களையும் நோட்டீஸ்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவைக்கும் சின்னக் குழு எங்களுடையது. ஒருவர் 'டேனரி' என்று குறிப்பார், இன்னொருவர் 'தோல் ஷாப்' என்பார், 'தோல் பதனிடும் ஆலை' என்று எழுதுகிறவரும் உண்டு. அப்புறம் எதைத் தேடினாலும் பாதிதான் வரும். எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த ஒரு பொதுச் சொற்பட்டியல் வேண்டும், அதற்காகத்தான் டெமாட்ரெஸுக்கு வந்தோம்.

இது இணையத்தில் ஓடும் மென்பொருள், பிஎச்பி, மைசீக்வெல் (நிரல்மொழியும் தரவுத்தளமும்) ஓடும் சாதாரண இணையதள ஹோஸ்டிங்கே போதும். ஒரு சொல்லை முதன்மையாக வைத்து மற்றவற்றை அதற்குத் திருப்பிவிடலாம். 'தோல் தொழில்' என்பதன் கீழே 'தோல் பதனிடுதல்' என்று போட்டால், அதன் மேலே 'தோல் தொழில்' என்ற மறுபக்கத்துத் தொடர்பைத் தானே எழுதிக்கொள்கிறது, எக்ஸெலில் இதைக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். புதுச் சொல்லை உடனே ஏற்காமல் பரிசீலனை நிலையில் வைக்கலாம். பல பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஊர்ப் பெயர்களில்தான் உண்மையான சோதனை. 'வட ஆற்காடு' என்ற பழைய மாவட்டப் பெயரை 'வேலூர் மாவட்டம்' என்பதன் மாற்றுப் பெயராகப் போட்டுவிடத் தோன்றும், தயவுசெய்து போடாதீர்கள். 1911 வரை சித்தூர் வட ஆற்காட்டில்தான் இருந்தது, 1989 வரை திருவண்ணாமலையும் இருந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆக, 1980இல் எடுத்த திருவண்ணாமலைப் படத்தில் 'வட ஆற்காடு' என்று எழுதியிருந்தால் அது சரிதான், அதை வேலூருக்குத் திருப்பிவிட்டால் நாம்தான் பதிவைக் கெடுக்கிறோம். இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்து, தொடர்புள்ளவை என்று இணைத்து, எந்த ஆண்டிலிருந்து எது என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். குறிப்பு எழுத டெமாட்ரெஸில் தாராளமாக இடம் இருக்கிறது.

குறை என்றால், தமிழ்-ஆங்கிலம் இரண்டும் வேண்டுமானால் இரண்டு தனிப் பட்டியல்கள் வைத்து ஒவ்வொரு சொல்லாக இணைக்க வேண்டும், இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. திரையும் பழைய பாணியில் இருக்கிறது, எனக்கு அது பெரிய விஷயமில்லை.

நிறுவுவதற்கு முன்னால், சொந்தப் பட்டியல் தேவையா என்று பாருங்கள். மருத்துவ நூலகம் என்றால் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெஷ் என்ற மருத்துவச் சொற்பட்டியல் இருக்கிறது, இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள், வேறு எதற்கும் போகாதீர்கள். பொதுப் புத்தகங்களுக்குச் சியர்ஸ் என்ற நூலகப் பொருள்தலைப்புப் பட்டியல் போதும். எங்கள் சேகரிப்பில் தோல் மண்டி, கோட்டை அகழி, பாலாற்று மணல் என்று ஊர் விஷயம் நிறைய இருப்பதால்தான் சொந்தமாகச் செய்தோம். மேல்மட்டத் தலைப்புகளைப் பிரிக்க நூலக அறிவியல் அறிஞரான நம் சீர்காழி ரங்கநாதன் காட்டிய வழியில் பொருள், செயல், இடம், காலம் என்று தனித்தனியாக வைத்தோம். அதனால் 'ஆம்பூர் தோல் பதனிடுதல்' போன்ற நீளமான கூட்டுச் சொற்கள் உருவாகவே இல்லை, இடம் ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம், தேடும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியலை ஸ்கோஸ் என்ற, சொற்பட்டியல்களுக்கான பொது வடிவில் எடுக்க முடியும், எனவே நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் உழைப்பு வீணாகாது. சில நூறு படங்கள்தான், கையாள்வதும் ஒரே ஆள்தான் என்றால் இது தேவையில்லை, ஒரு எக்ஸெல் தாளே போதும்.