எக்கோ டாட் பதில் சொல்லவில்லையா: ரீஸ்டார்ட்டா, ஃபேக்டரி ரீசெட்டா?

எக்கோ டாட் என்பது குரலுக்குப் பதில் சொல்லும் அமேசான் ஸ்பீக்கர். முதலில் அதன் விளக்கு வளையத்தைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது. மேலே உள்ள மைக் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும். இரண்டு வழியுமே தேவையில்லை.

ரீஸ்டார்ட் என்றால் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றி, அரை நிமிடம் விட்டு மாட்டுவது. உள்ளே சிக்கி நிற்கும் மென்பொருள் புதிதாகத் தொடங்கும். வைஃபை பாஸ்வேர்டும் மற்ற அமைப்புகளும் அப்படியே இருக்கும். கூப்பிட்டதும் நீல வளையம் வருகிறது, ஆனால் இணையம் கிடைக்கவில்லை என்கிறதா? கோளாறு பெரும்பாலும் ரவுட்டர் பக்கம்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டு, இணையம் வந்ததைப் போனில் பார்த்துவிட்டு, அதன்பின் ஸ்பீக்கரை மாட்டுங்கள். கூடவே வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் இதே தொல்லை வரும்.

ஃபேக்டரி ரீசெட் என்றால் எல்லா அமைப்புகளையும் அழிப்பது. அதற்கு, மூன்றாம் தலைமுறை டாட்டில், புள்ளியிட்ட ஆக்ஷன் பட்டனை 25 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வளையம் அணைந்து, மீண்டும் எரிந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வரும். பிறகு அலெக்ஸா ஆப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். ஸ்பீக்கரை வேறொருவருக்குக் கொடுக்கும்போதும், பலமுறை ரீஸ்டார்ட் செய்தும் அது அசையாதபோதும் இதுவே சரி.

வைஃபை பாஸ்வேர்டு மாறியதற்காக மட்டும் ரீசெட் செய்யவே செய்யாதீர்கள். ஆப்பில் அந்த ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குள் போய் வைஃபையை மாற்றினாலே முடிந்தது.